இருவரை எந்தக் கோளில் இறக்குவது? செவ்வாய், டைட்டன், டிராப்பிஸ்ட், வெள்ளி: கதைக்காரர்களுக்கான ஒப்பீடு

அந்நியக் கோளில் சிக்கிய இருவர், பிழைக்கப் போராடும்போதே அவர்களுக்குள் முளைக்கும் காதல். இப்படியொரு கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களை முதலில் முடிவு செய்துவிட்டு, கோளை நாடக மேடையின் படுதாபோலப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். கதை அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. இருவர் கைகோக்க முடியுமா, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்குமா, பிரிந்தால் மறுபடி சேர வழியுண்டா, தவறு நடந்தால் சரிசெய்ய எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது கோள்தான். அதிலும் கடைசிக் கேள்விதான் முக்கியம். விநாடிகளில் கொல்லும் இடத்தில் இருவர் கலந்து பேசி ஒரு முடிவெடுக்க முடியாது. கலந்து முடிவெடுக்காத இருவரிடம் காதலைக் காட்டுவது கடினம்.

இந்த நான்கு கேள்விகளோடு நான்கு உலகங்களைப் பார்க்கலாம். நான்கும் உண்மையில் இருப்பவை, அளக்கப்பட்டவை.

எங்கே போனாலும் மாறாத கணக்கு

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளிவிடும் கரியமில வாயு சுமார் 1 கிலோ. உலர் உணவு 0.6 கிலோ, குடிக்கவும் சமைக்கவும் 3 லிட்டர் தண்ணீர்.

'ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று எண்களைக் குறைத்துக்கொண்டே போகும் காட்சி பல கதைகளில் வருகிறது. மூடிய அறையில் முதலில் தாக்குவது அதுவல்ல, கரியமில வாயு. ஒரு சிறிய படுக்கையறை அளவுள்ள, 20 கன மீட்டர் கூண்டில் இருவர் அடைபட்டால், ஏறத்தாழ 22 மணி நேரத்தில் அது 5 சதவீதத்தைத் தொட்டுவிடும். அப்போதும் ஆக்சிஜன் 15 சதவீதம் மிச்சமிருக்கும். 3 சதவீதத்திலேயே தலைவலி தொடங்கும். பிறகு மூச்சிரைப்பு, படபடப்பு, குழப்பம். காதல் கதைக்கு இது கையில் கிடைத்த புதையல். இருவரும் காரணம் புரியாமல் எரிந்து விழுகிறார்கள். காற்றுவடிகட்டிக் குப்பியை மாற்றிய அரை மணி நேரத்தில் சண்டை எதற்கென்றே இருவருக்கும் நினைவில்லை. குப்பியில் லித்தியம் ஹைட்ராக்சைடு இருக்கும். 1 கிலோ கரியமில வாயுவைப் பிடிக்கக் கணக்குப்படி 1.1 கிலோ தேவை. அலமாரியில் உள்ள குப்பிகளை எண்ணினால் மிச்சமுள்ள நாட்கள் தெரிந்துவிடும்.

செவ்வாய்

எல்லோரும் போகும் இடம். காதலுக்கு நான்கில் கடைசி என்றே சொல்வேன்.

காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார், பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உடை கிழிந்தால் 10 முதல் 15 விநாடிக்குள் நினைவு போய்விடும். 1966இல் ஹூஸ்டனில் வெற்றிட அறைச் சோதனையின்போது உடைக்குழாய் கழன்றுவிட்ட ஒருவர் சுமார் 14 விநாடியில் மயங்கினார். உடனே காற்றை ஏற்றியதால் பிழைத்தார். செவ்வாயில் அப்படிக் காற்றை ஏற்ற யாருமில்லை. கூட இருப்பவர் ஓடிவருவதும் எளிதல்ல. உடைக்குள் தூய ஆக்சிஜன் 0.3 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும். அறைக்குள் சாதாரண அழுத்தம் என்றால், ரத்தத்தில் உள்ள நைட்ரஜனை வெளியேற்ற மணிக்கணக்கில் ஆக்சிஜன் மட்டும் சுவாசித்த பிறகே உடைக்குள் போகலாம். ஊதிய டியூபைப்போல விறைத்து நிற்கும் கையுறையில் விரலை மடக்குவதே உழைப்பு. அதில் கைகோப்பது என்பது வார்த்தைக்கு மட்டும்.

புயல் ஆளைத் தூக்கி எறியும் காட்சியை மறந்துவிடலாம். காற்று அவ்வளவு மெலிது. அங்கே 100 கி.மீ. வேகத்தில் அடிப்பது இங்கே 13 கி.மீ. காற்று தொடுவதுபோலத்தான் இருக்கும். புயலின் உண்மையான ஆபத்து இருட்டு. 2018 புழுதியில் சூரிய ஒளி மறைந்து, ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி ஜூன் 10ஆம் தேதியோடு பேச்சை நிறுத்தியது. செவ்வாயின் அந்தி நீலமாக இருக்கும். அது ஒன்றுதான் காதலர்களுக்கு அங்கே இலவசம்.

டைட்டன்

சனியின் பெரிய நிலா. கோள் அல்ல என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். புதன் கோளைவிடப் பெரியது. மைனஸ் 179 டிகிரி குளிர். எண்ணைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அழுத்தம் 1.45 வளிமண்டலம். அதாவது அழுத்த உடையே வேண்டாம். முகமூடியும் சூடேற்றிய தடித்த உடையும் போதும். கிழிந்தால் ரத்தம் கொதிக்காது, நினைவு தப்பாது. கிழிந்த இடத்தில் தோல் உறையும், வலிக்கும், அந்த இடத்தைக் கூட இருப்பவர் கையால் பொத்திப் பிடித்து ஒட்டுப் போட நேரமிருக்கும். இருவர் தேவைப்படும் விபத்து இது.

பேச்சும் கேட்கும். நைட்ரஜன் காற்று பூமிக் காற்றைவிட 4 மடங்குக்கு மேல் அடர்த்தி. ஒலி விநாடிக்குச் சுமார் 194 மீட்டர் வேகத்தில் போகும். 400 மீட்டர் தள்ளி நிற்பவரைக் கூப்பிட்டால், பதில் வர 4 விநாடிக்கு மேல் ஆகும்.

ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு. காயம்பட்ட 70 கிலோ ஆளைத் தூக்கினால் இங்கே 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குவதுபோல இருக்கும். அடர்ந்த காற்றும் குறைந்த ஈர்ப்பும் சேர்வதால், கையில் இறக்கை கட்டிக்கொண்டு மனிதர் சொந்த பலத்தில் பறக்கலாம். அதே காரணத்தால் மலையுச்சியிலிருந்து விழும் காட்சி எடுபடாது: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டரில் நின்றுவிடும். பூமியில் 5 மீட்டரிலிருந்து குதிப்பதற்குச் சமம். கால் உடையலாம், அவ்வளவுதான்.

தவறு எங்கே நடக்கும்? ஏர்லாக்கில், அதாவது வெளிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள இரட்டைக் கதவுச் சிற்றறையில். மீத்தேன் மழைத்துளிகள் பெரிதாக, மெதுவாக இறங்கும். ஆக்சிஜன் இல்லாததால் வெளியே எதுவும் பற்றாது. ஆனால் உடை மடிப்புகளிலும் முதுகுப் பையிலும் ஒரு லிட்டர் திரவ மீத்தேன் தங்கி, 5 கன மீட்டர் ஏர்லாக்குக்குள் ஆவியானால் காற்றில் 9 சதவீதம் அளவுக்கு மீத்தேன் சேரும். மீத்தேன் வெடிக்கும் எல்லை 5 முதல் 15 சதவீதம். ஆகவே முறை இது: கதவை மூடியதும் வெளிக்காற்றின் நைட்ரஜனிலேயே உடையைச் சூடேற்றி மீத்தேனை ஆவியாக்க வேண்டும், தூய நைட்ரஜனால் அதை வெளியேற்ற வேண்டும், அளவுமானி பூஜ்யம் காட்டிய பிறகே ஆக்சிஜன். காயத்தோடு வந்தவரைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டே இந்த வரிசையைப் பொறுமையாக முடிக்க வேண்டியிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கும் கால் வைக்க வேண்டும். தரை தண்ணீர்ப் பனிக்கட்டி. சூடான அறையை நேரே வைத்தால் அடியில் உருகி வீடு புதையும். இன்னொன்று: வானத்தில் சனியின் வளையங்களை வரையாதீர்கள். ஆரஞ்சுப் புகைமூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பகல் வெளிச்சம் இங்குள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நடமாடப் போதும். பகல் எட்டு நாள், இரவு எட்டு நாள்.

டைட்டனிடம் ஒரே குறை: அது இருவரையும் சேர்த்தே வைத்திருக்கும். பிரிவுக்குக் காரணத்தைக் கதைக்காரர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

டிராப்பிஸ்ட்-1 இ

40 ஒளியாண்டு தொலைவு. டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குள்ள விண்மீனை, அதாவது சூரியனைவிட மிகச் சிறிய, மங்கலான விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்களில் ஒன்று. ஏழும் இருப்பது 2017 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 6.1 நாளில் ஒரு சுற்று, ஈர்ப்பு பூமியில் 0.82 பங்கு. ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்பது கிட்டத்தட்ட உறுதி. காற்றுமண்டலம் உண்டு என்று வைத்துக்கொள்வது கதைக்காரரின் அனுமானம். இதே குடும்பத்தின் உள்வட்டக் கோளான 'பி'யில் தடித்த காற்று இல்லை என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் காட்டிவிட்டதால், அந்த அனுமானத்தை அடக்கமாக வைப்பது நல்லது.

தமிழில் எழுதுபவருக்கு இந்தக் கோளில் ஒரு தனிச் சொத்து இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்கிறது. நம் பூமியில் நிலம் நிற்கும், பொழுது மாறும். இங்கே பொழுதே நிலமாகிவிட்டது. நண்பகல் ஓர் இடம், மாலை ஓர் இடம், யாமம் ஓர் இடம். பாலைக்குரிய நண்பகல் விண்மீனுக்கு நேர் கீழே என்றும் மாறாத வறட்சியாகக் கிடக்கிறது; முல்லையின் மாலை நடுவிலுள்ள வளையம்; குறிஞ்சியின் யாமம் பனிமூடிய மறுபக்கம். பிரிவிலிருந்து காத்திருப்புக்கும், காத்திருப்பிலிருந்து கூடலுக்கும் கால்நடையாகவே போகலாம். நாவல் முழுவதற்குமான வரைபடம் இது. யாராவது எழுத மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

அந்த மாலையின் அகலத்தையும் கணக்கிடலாம். விண்மீன் வானத்தில் நம் சூரியனைப்போல நான்கு மடங்கு அகலம், சுமார் 2.2 டிகிரி. இந்தக் கோளில் ஒரு டிகிரி என்பது 102 கி.மீ. எனவே விண்மீனின் வட்டத்தை அடிவானம் வெட்டி நிற்கும் பட்டை சுமார் 220 கி.மீ. நாளுக்கு 30 கி.மீ. நடந்தால், முழு வட்டம் தெரியும் இடத்திலிருந்து அது அடியோடு மறையும் இடத்துக்கு ஒரு வாரம். ஒவ்வொரு நாளும் நடந்த தூரத்தை விண்மீனின் தேய்வே சொல்லும். நிறத்தை ரத்தச் சிவப்பாக எழுதிவிடாதீர்கள். வெப்பம் சுமார் 2,570 கெல்வின், பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்துக்கு அருகில்.

பகலிரவு இல்லாத இடத்தில் நாட்காட்டி எது? பக்கத்துக் கோள்கள். உட்புறத்து 'டி' 12 நாளுக்கு ஒருமுறையும், வெளிப்புறத்து 'எஃப்' 18 நாளுக்கு ஒருமுறையும் நெருங்கி வரும். இரண்டும் அப்போது நம் நிலா அளவு தெரியும். 'எஃப்' நெருங்கும்போது முழுவட்டமாக, இருட்டுப் பக்கத்து அடிவானத்தில், விண்மீனுக்கு நேர் எதிரே நிற்கும். 'அடுத்த எஃப் வருவதற்குள் திரும்பிவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆபத்து விண்மீன் சீற்றம், அதாவது விண்மீன் திடீரென ஒளியையும் துகள்களையும் கக்குவது. புற ஊதா ஒளி கண்ணில் படும்போதே தோலிலும் பட்டிருக்கும். அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. பின்னால் வரும் துகள் புயல் விநாடிக்கு 1,000 கி.மீ. வேகம் என்றால், வந்து சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். நல்ல செய்தி, நிழல் நகராது. விண்மீன் இருந்த இடத்திலேயே இருப்பதால் ஒரு பாறையின் நிழல் என்றைக்கும் நிழல். அங்கேதான் குடிசை. தரையோடு வீசும் குளிர்காற்று இருட்டுப் பக்கத்திலிருந்து ஓயாமல் வருவதால், பாறையின் நிழல் பக்கம் காற்றுப் பக்கமும்கூட. கதவை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இருவருக்கும் தினமும் வாக்குவாதம் வரலாம்.

வெள்ளி, தரையில் அல்ல

தரையில் 464 டிகிரி, 92 மடங்கு அழுத்தம். 1982இல் இறங்கிய சோவியத் விண்கலம் வெனரா 13 இரண்டு மணி நேரம் சொச்சம் தாங்கியதே சாதனை. ஆனால் 55 கி.மீ. உயரத்தில் 27 டிகிரி, பாதி வளிமண்டல அழுத்தம், பூமியில் 0.9 பங்கு ஈர்ப்பு. சுற்றிலும் கந்தக அமில மேகம். அமிலம் தாங்கும் உடையும் முகமூடியும் போதும். என் தேர்வு இதுதான்.

அங்குள்ள காற்று கரியமில வாயு, கனமானது. நாம் சுவாசிக்கும் காற்றே அதில் மிதக்கும். 40 சதவீதம் ஆக்சிஜன் கலந்த காற்று என்றால், ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 0.3 கிலோவைத் தூக்கும். இருவர், உணவு, கருவிகள் எல்லாம் சேர்த்து 1 டன் என்றால் 3,200 கன மீட்டர், அதாவது 18 மீட்டர் விட்டமுள்ள டெஃப்லான் பூசிய பந்து. இருவரும் அதற்குள்ளேயே வாழ்கிறார்கள். இவ்வளவு காற்றில் கரியமில வாயு ஆபத்தான அளவை எட்ட நான்கு மாதத்துக்கு மேலாகும். முன்பு சொன்ன கூண்டில் அது ஒரே நாள்.

கிழிசலுக்கும் இங்கே ஒரு நிதானம் உண்டு. உள்ளும் புறமும் அழுத்தம் சமம் என்பதால் பந்தின் அடியில் ஓட்டை விழுந்தால் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. உச்சியில் 10 செ.மீ. கிழிந்தால் மணிக்கு 200 கன மீட்டருக்குச் சற்று மேல் போகும். உயரம் இறங்காமலிருக்க மணிக்கு 65 கிலோவை வெளியே வீச வேண்டும், ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. முதல் மணியில் உபரிப் பொருள், இரண்டாவதில் கருவிகள், மூன்றாவதில் எதை? வீசாவிட்டால் 5 கி.மீ. கீழே 75 டிகிரி காத்திருக்கிறது. பேசி முடிவெடுக்க நேரம் இருக்கிறது. அதிக நேரம் இல்லை.

பிரிவும் சேர்தலும் காற்றிலேயே இருக்கின்றன. 1985 ஜூனில் சோவியத்தின் வேகா பலூன்கள் இரண்டு ஏறத்தாழ 54 கி.மீ. உயரத்தில் 46 மணி நேரம் விநாடிக்குச் சுமார் 69 மீட்டர் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அந்த வேகத்தில் கோளை ஒருமுறை சுற்ற ஆறு நாள் சொச்சம். உயரம் மாறினால் காற்றின் வேகமும் மாறும். இருவரும் தனித்தனிப் பந்துகளில் போய், ஒன்று சற்றுத் தாழ்ந்து விநாடிக்கு வெறும் 5 மீட்டர் வித்தியாசம் விழுந்தாலும், ஒரே நாளில் 432 கி.மீ. விலகிவிடுவார்கள். துரத்திப் பிடிக்கும் எஞ்சின் கிடையாது. ஆனால் இருவரும் வட்டத்தில்தானே போகிறார்கள்? வித்தியாசம் மாறாமல் இருந்தால், முன்னே போனவர் 89ஆவது நாளில் பின்னாலிருந்து வந்து சேர்வார்.

அந்த 89 நாளுக்கு ஒருவருக்கு உலர் உணவு சுமார் 53 கிலோ வேண்டும். தண்ணீர் 267 லிட்டரைச் சுமக்க முடியாது. மேகத்துளிகளை வலையில் வடித்து, அமிலத்தைச் சூடேற்றிப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைத்து வித்தியாசத்தை 10 மீட்டராக்கினால் காத்திருப்பு 44 நாளாகக் குறையும். அதற்கு இன்னும் கீழே, இன்னும் வெப்பத்துக்குள் இறங்க வேண்டும். காற்று வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் தள்ளிவிட்டால், இருவரும் ஒரே நாளில் ஒரே தீர்க்கரேகையைக் கடந்தும் சந்திக்க மாட்டார்கள். ஆகவே 80ஆவது நாளிலிருந்து ரேடியோவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.