மண்டபத்து உப்புக் காற்றில் ஒரு மோட்டார் ரிக்ளைனர்

மெக்கானிக் வந்து போனதிலிருந்து எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை, அதனால் இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும். எங்கள் ஊர் மண்டபம், பாம்பன் பாலத்துக்கு முன்னால் இருக்கிற கடலோர ஊர். தொண்டியில் இருக்கிற அத்தை மகன் போனில் கேட்டான்: "மச்சான், மாமா உக்கார்ற அந்த ரிக்ளைனர் எப்படி இருக்கு? அம்மாவுக்கு மூட்டு வலி தாங்கல, ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பார்க்கிறேன், ஆஃபர் வேற ஓடுது." போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆஃபர் ஓடுவது எனக்கும் தெரியும். நான் 32,000 ரூபாய் எண்ணி வைத்து வாங்கிய அதே மாடல் இப்போது 26,500. அந்த வயிற்றெரிச்சலும் இதில் சேர்ந்தே இருக்கும்.

ஒற்றை சீட் சாய்வு நாற்காலி, மோட்டார் வைத்தது, துணி உறை, பக்கவாட்டில் இரண்டு பட்டன், போன் சார்ஜ் போட ஒரு யுஎஸ்பி ஓட்டை. மற்ற அளவெல்லாம் கம்பெனிக்காரன் வெப்சைட்டிலேயே இருக்கிறது. அவன் போடாத ஒன்று உண்டு. சத்தம்.

பட்டனை அழுத்தினால் கால் பலகை மேலே வரும், முதுகு சாயும். மோட்டாரின் சத்தம் மெல்லிய உறுமல்தான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதி தூரம் போனதும் அடியிலிருந்து ஒரு கிரீச் கிளம்பும் பாருங்கள், பக்கத்து வீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். வாங்கிய புதிதில் இல்லை. முதல் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, முடிகிற வரைக்கும்கூட ஒழுங்காகத்தான் இருந்தது. வாடை தொடங்கி மழை வந்ததும் லேசாக முனக ஆரம்பித்தது, அடுத்த வருஷம் முனகல் அலறலாகிவிட்டது. அப்பா மத்தியானம் சாப்பிட்டுச் சாய்கிற நேரம் தெருவுக்கே தெரியும். அம்மா சொல்வாள், "மணி பார்க்கவே வேண்டாம், உங்கப்பா படுத்துட்டார்."

நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தோம். மேலே சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை, தையல் ஒன்று விடவில்லை, ஃபோம் அமுங்கவில்லை. அடியிலோ துரு. கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்த பட்டைகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒரு பட்டையின் மேல் இன்னொரு பட்டை உரசித் திரும்புகிற ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் காவி நிறத்தில் வட்டம். விரலால் தேய்த்தால் பொடி உதிர்கிறது. உரசுகிற இடத்தில் பூச்சு முதலில் தேயும், தேய்ந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும், அதற்குப் பிறகு மண்டபத்தில் அந்த இரும்புக்கு ஆயுசு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தால் தெற்குக் கடலின் உப்பு, வாடை அடித்தால் வடக்குக் கடலின் உப்பு, வருஷத்தில் ஓய்வென்பதே கிடையாது. மழை பெய்தால்தான் இரும்பு நனையும் என்று நினைக்கிறார்கள். உப்புப் படிந்த இரும்புக்கு மழையே வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு அந்த ஈரத்தை இழுத்து நீராகிவிடும், கடலோரத்தில் ராத்திரி ஈரம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கும். ஆக ஹாலுக்குள், கூரைக்கு அடியில், ஒரு சொட்டு மழை படாத நாற்காலிக்குள் தினம் ராத்திரி இரும்பு உப்புத் தண்ணீரில் நனைகிறது. கிரில் கதவு, சைக்கிள், ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் அப்படித்தான் போகின்றன. அவற்றுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கலாம். நூறு மூட்டு உள்ள ஒரு சாமானுக்கு எங்கே என்று அடிப்பது?

அப்பா ரயில்வேயில் பெயிண்டிங் கேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், பாம்பன் பாலத்தில் துரு சுரண்டியே சர்வீஸை முடித்தவர். கவிழ்த்த நாற்காலியை அரை நிமிஷம் பார்த்தார். "இது அடிச்ச பூச்சு இல்லடா, காட்டுன பூச்சு" என்றார். 1914இல் திறந்த பழைய பாலத்தையே பராமரித்துப் பராமரித்துத்தான் ஓட்டினார்கள், கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு, வெல்டு அடித்த மூட்டுகள் என்று முதல் கவலையே இந்தக் காற்றைப் பற்றித்தான். நாற்காலி செய்கிறவன் பாலம் கட்ட வேண்டாம். ரிவெட்டுக்கு ஒரு நைலான் வாஷர், நல்ல துத்தநாக முலாம், இவ்வளவு போதும். அந்தக் காசை மிச்சம் பிடித்து கப் ஹோல்டரில் நீல விளக்கு வைத்திருக்கிறான். கப் ஹோல்டரில் அப்பா மூக்குப்பொடி டப்பா வைக்கிறார். நீல விளக்கு அதற்கு எரிகிறது.

சரி, ரிப்பேர் கதைக்கு வருகிறேன். மோட்டாரின் தண்டு ஃபிரேமோடு சேருகிற இடத்தில் ஒரு பின் இருக்கும், சுண்டு விரல் தடிமன். அது துருவேறித் தேய்ந்து ஓட்டை பெரிதாகி, ஒவ்வொரு முறை எழும்பும்போதும் 'டக்' என்று ஒரு குலுக்கல். அப்பாவுக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் வாரண்டி கார்டில் துரு சேராது என்று ஒரு வரி இருக்கிறதாம். படித்துப் பார்த்தேன், இருக்கிறது, அதுவும் "கடலோரப் பகுதிகளில்" என்று தனியாகவே போட்டிருக்கிறான். தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்! விற்ற கடையில் கேட்டால், "சார், உங்க ஊர்ல எல்லாமே துருப்பிடிக்கும் சார்" என்று சிரிக்கிறார் அந்தப் பையன். அவர் மேல் கோபப்பட்டு என்ன பண்ண, அவர் சொன்னது உண்மைதானே.

ராமநாதபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் நல்ல மனுஷன், வேலை சுத்தம். பழைய பின்னைத் தட்டி எடுக்கவே ஒரு மணி நேரம். லேத்தில் கடைந்து வந்த எவர்சில்வர் பின் போட்டு, புஷ் மாற்றி, 1,800 வாங்கினார். பஸ் செலவு தனி. போகும்போது, "எண்ணெய் விடாதீங்க சார்" என்றார். இது எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டியது. தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று நாங்கள் விட்டதெல்லாம் ரெண்டு நாளைக்குச் சத்தத்தை அடக்கும், அப்புறம் காற்றில் வருகிற பொடிமணல் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி மூட்டையே அறுக்கும். ஸ்பிரே டப்பாவும் அப்படியே, துருவை இளக்கத்தான் நல்லது, நின்று பேசாது. முதலில் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, மூட்டில் மட்டும் கெட்டி கிரீஸ் வைத்து, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். வாடை தொடங்குகிறதுக்கு முன்னே ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை. அப்பா இப்போது இதைத் தன் டியூட்டியாகவே எடுத்துக்கொண்டார், பழைய பிரஷ் எங்கிருந்தோ கிளம்பி வந்திருக்கிறது. ஆனால் 32,000 ரூபாய்க்கு வாங்கின சாமானுக்கு ரிட்டயர் ஆன மனுஷன் கீழே உட்கார்ந்து கிரீஸ் போட வேண்டுமா என்பது என் கேள்வி.

நியாயமும் சொல்ல வேண்டும். மோட்டாரில் ஒரு குறை இல்லை. கடலோரத்தில் மோட்டார் முதலில் போகும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், அதுதான் கல்லு மாதிரி நிற்கிறது. கரண்ட் போனால் கால் நீட்டினபடியே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டோம். எழும்புகிற சில விநாடிக்குத்தான் கரண்ட் இழுக்கிறது, பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. யுஎஸ்பி ஓட்டை மட்டும் பச்சையாய்ப் பூத்துச் செத்துப்போனது, அதை யாரும் தேடவில்லை.

துணி உறை போட்டதாய்ப் பார்த்து வாங்கியதும் நல்லதாகவே போயிற்று. எதிர்வீட்டில் தோல் மாதிரியே இருக்கிற லெதரெட் சோபா, வந்தபோது பளபளவென்று இருந்தது, இப்போது யார் போய் உட்கார்ந்து எழுந்தாலும் முதுகில் கறுப்புச் சருகாய் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த மாதிரி பாலியூரித்தேன் பிளாஸ்டிக் பூசிய துணி ஈரத்தையும் சூட்டையும் தாங்காது, உள்ளுக்குள்ளேயே பிரிந்து உரியும், துடைத்தாலும் கிரீம் தடவினாலும் நிற்காது. சித்திரையில் வியர்த்து ஒட்டுவது தனிக் கொடுமை. துணியில் மணல் சேரும், கருவாட்டு வாடை ஏறும், அதற்கு மேலே ஒரு துண்டைப் போட்டு அலசினால் போச்சு.

அப்புறம் அப்பாவின் தூக்கம். அவருக்கு நெஞ்செரிச்சல், மட்டமாய்ப் படுத்தால் புளித்து மேலே வரும், ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். இதில் முழுக்கச் சாயாமல் பாதிச் சாய்வில் நிறுத்தினால் அசந்து தூங்குகிறார். இதற்காக வாங்கவில்லை, இது தானாய்க் கிடைத்தது. வாய் திறந்து தூங்குகிறவரைப் பார்த்தால் அந்த கிரீச்சைக்கூட மன்னித்துவிடலாம் போல இருக்கும். ஆனால் விளம்பரத்தில் போடுகிற மாதிரி கால் வீக்கமெல்லாம் இதில் பெரிதாய் வடியாது. வீக்கம் வடிய கால் நெஞ்சுக்கு மேலே போக வேண்டும், இந்தக் கால் பலகை சீட் மட்டத்துக்குத்தான் வருகிறது.

மச்சான், அத்தைக்கு என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அத்தை குள்ளம். கடையில் வைத்திருப்பதெல்லாம் ஆறடி ஆளுக்குச் செய்தது மாதிரி, முதுகு சாய்ந்தால் பாதம் தரையில் படாது, பாதம் படாவிட்டால் மூட்டு வலிக்காரர் எழுந்திருக்கவே முடியாது. சீட்டின் ஆழத்தை டேப் வைத்து அளந்து பார், சாய்ந்து உட்கார்ந்து முழங்கால் விளிம்பில் மடங்க வேண்டும். அத்தையையே கூட்டிப் போய் அரை மணி நேரம் உட்கார வை, கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும். தலையணைப் பகுதி தலையை முன்னே தள்ளுகிறதா என்று பார், எங்களுடையது தள்ளுகிறது, அப்பா சின்னத் தலையணையை முதுகுக்கு வைத்துச் சமாளிக்கிறார். முழுக்க நீட்டினால் அஞ்சரை அடி நீளம் வேண்டும். சுவரை ஒட்டிப் போடுகிற மாடலா என்று கேட்டுக்கொள், இல்லையென்றால் பின்னாலும் இடம் விட வேண்டும், உங்கள் ஹாலில் தையல் மெஷினை எங்கே தள்ளுவாய்? வாசல் கதவைப் பற்றிக் கவலை வேண்டாம், முதுகுப் பகுதி தனியாகக் கழன்று வரும். பேரப்பிள்ளைகள் வந்தால் மட்டும் கவனம், கால் பலகையை இறக்கும் முன்னே அடியில் குனிந்து பார்த்தாக வேண்டும். எங்கள் வீட்டுப் பூனைக்கு அதன் அடிதான் படுக்கை, ஒரு தடவை நூலிழையில் தப்பியது.

உள்ளபடி சொன்னால் அத்தைக்குப் பொருத்தம் சாதாரண ரிக்ளைனர் இல்லை, சீட்டே எழும்பி ஆளை நிற்க வைக்கிற லிஃப்ட் மாடல். மூட்டு தேய்ந்தவர்களுக்கு உட்காருவது பெரிய விஷயமில்லை, எழுவதுதான் வேதனை. வீட்டில் கிடக்கிற பழைய தேக்குச் சாய்வு நாற்காலிக்குப் புதுக் கித்தான் மாட்டிக் கொடுக்கலாமே என்று நினைத்தேன், அதில் விழுந்தவர் எழ ரெண்டு பேர் வேண்டும். அந்த வகையில் மோட்டாருக்கு ஈடு இல்லை, அது உண்மை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் முடிவைக் கேட்டால், வாங்காதே. கடலை விட்டுத் தள்ளி, பரமக்குடியில் இருந்தால் நாளைக்கே வாங்கு என்பேன். தொண்டியில், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற வீட்டில், வேண்டாம். லிஃப்ட் மாடலில் இதைவிட மூட்டு அதிகம், பாரம் அதிகம், பின் ஒடிந்தால் அத்தை அந்தரத்தில் நிற்பார். கடலோரத்துக்கு என்று முலாம் பூசிய மெக்கானிசத்தை எவனாவது எழுத்தில் கொடுத்தால் அப்போது பேசிக்கொள்ளலாம். அதையும் மீறி வாங்குவதானால் கடையிலேயே கவிழ்த்துக் காட்டச் சொல்லி ரிவெட்டைப் பார், வாரண்டி கார்டில் துரு பற்றிய வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டு. அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்காதே. அவர் வாங்கு என்றுதான் சொல்வார்.