தாண்டிக்குடி பட்டர் ஃப்ரூட்: வாங்கலாமா?

கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியில், காப்பித் தோட்டத்து நிழலில் விளையும் பட்டர் ஃப்ரூட், வெளிநாட்டு ஹாஸ் ரகத்தைவிடப் பெரியது. விலைக்கும் சுவைக்கும் தாராளமாக வாங்கலாம்.

பறித்த பிறகுதான் இது பழுக்கும். கல்லாக இருக்கும் காயை ஃப்ரிட்ஜில் வைத்தால் சதை கறுத்து, ரப்பர் போலாகிவிடும். காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு சுற்றி, 2 முதல் 4 நாள் வெளியே வையுங்கள். காம்புப் பக்கம் லேசாக அமுங்கியதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றலாம். வெட்டிய பாதியில் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பது தாமதமாகும்.

பொதுவாக 100 கிராம் சதையில் சுமார் 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு, 7 கிராம் நார்ச்சத்து, 485 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். கொழுப்பில் பெரும்பகுதி ஒற்றை நிறைவுறா வகை (இதயத்துக்கு உகந்த கொழுப்பு). வெண்ணெய்க்குப் பதிலாகச் சப்பாத்தியில் தடவும்போதுதான் இதயத்துக்கு லாபம். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சேர்த்தால் கலோரிதான் ஏறும். அமெரிக்காவில் சுமார் 1,000 பேரிடம் 6 மாதம் நடந்த ஆய்வில், தினம் ஒரு பழம் சாப்பிட்டவர்களுக்குத் தொப்பைக் கொழுப்பு குறையவில்லை. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) மட்டும் சற்றே இறங்கியது. ஆகவே ‘தொப்பை கரையும்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம்.

கேரட், தக்காளி சாலட்டில் கால் பழம் சேருங்கள். அவற்றின் கரோட்டீனை உடல் நன்றாக உறிஞ்சும். சர்க்கரை கொட்டிய ஜூஸ் வேண்டவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் காரணமாக, மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும்.