16 ஆம்ப்ஸ் பிரேக்கர் இருந்த இடத்தில் எலெக்ட்ரீஷியன் 32 மாட்டிவிட்டுப் போனார், கவனமாக இருங்கள்

போன மழைக்காலத்தில் எங்கள் சமையலறை லைன் அடிக்கடி ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. கீசர் ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் போதும், எம்சிபி (லோடு அதிகமானால் தானே அணைந்துகொள்ளும் பிரேக்கர்) விழுந்துவிடும். ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். "பிரேக்கர் வீக்காயிடுச்சு சார், ஒயரும் பழசு. மாத்திட்டா ட்ரிப்பே ஆகாது" என்றார். 16 ஆம்ப்ஸைக் கழற்றி 32 மாட்டினார். புதிதாக 2.5 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மி.மீ.) ஒயர் இழுத்ததாகச் சொல்லி 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ட்ரிப் நின்றது. நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அம்மா, "ஏதோ கருகுற வாடை வருது, வந்து பாருடா" என்று கூப்பிட்டார். சுவிட்ச் போர்டில் கை வைத்தால் சுட்டது. மெயினை அணைத்துவிட்டு, வேறொருவரை வரவழைத்துத் திறந்தோம். ஒயரின் சிவப்பு உறை இளகி பைப்போடு ஒட்டிக் கிடந்தது. சாக்கெட்டின் பின்பக்கம் முழுக்கக் கரி. கருகாத இடத்தைத் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார்: 1.5 என்று அச்சிட்டிருந்தது!

கணக்கு எளிது. 3,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்ப்ஸ் இழுக்கும். 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9. இரண்டும் சேர்ந்தால் 22. அப்போது 16 ஆம்ப்ஸ் எம்சிபி விழுந்ததுதான் சரி. அது ஒயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பைப்புக்குள் போகும் 1.5 ஸ்கொயர் ஒயர் 15 ஆம்ப்ஸ் தாங்கினாலே பெரிது. 32 ஆம்ப்ஸ் பிரேக்கருக்கோ 22 என்பது ஓவர்லோடே இல்லை. ஒயர் உருகி முடிகிறவரை அது அசையாது. தொழில் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. வயதான அம்மா தினமும் நின்று சமைக்கிற இடம் அது. இப்போது கூப்பிட்டால் அந்த எலெக்ட்ரீஷியன் போனை எடுப்பதில்லை.

இப்போது கீசருக்குத் தனி லைன், அடுப்புக்குத் தனி லைன், இரண்டிலும் 2.5 ஸ்கொயர் ஒயர், தலைக்கு ஒரு 16 ஆம்ப்ஸ். இந்த முறை காயிலைப் பிரிக்கும்போதே பக்கத்தில் நின்று, ஒயர்மேல் உள்ள எழுத்தைப் படித்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டு டிபி பாக்ஸையும் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) திறந்து பாருங்கள். சாதாரண பிளக் பாயிண்ட் லைனின் எம்சிபியில் சி32 (அதாவது 32 ஆம்ப்ஸ்) என்று இருந்தால், அந்த லைனில் கீசரைப் போடும் முன் உள்ளே இருக்கும் ஒயர் என்ன சைஸ் என்று ஒருவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.