நல்லதண்ணி அடிவாரத்துத் தேநீர்க் கடை

இலங்கையின் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக் பௌர்ணமியில் முடியும். 2,243 மீட்டர் மலையை ஏறி இறங்கிய அம்மாவுக்கு முழங்கால் நடுங்கியது. பஸ் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள இந்தக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. விளிம்பு நெளிந்த பேசினில் உப்புப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்தார்.

இஞ்சித் தேநீர் தொண்டையைச் சுட்டது. கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி. ரொட்டிதான் ஆறித் தோலாகியிருந்தது, கட்டச் சம்பல் இல்லாவிட்டால் தொட்டிருக்கமாட்டேன்.

வெந்நீருக்கு எவ்வளவு என்றேன்.

"மூட்டுவலி, தங்கச்சி. ஆறு வருடமாக நான் மேலே போகவில்லை. சாமியைப் பார்த்துவிட்டு வந்த கால்கள் அல்லவா இவை? அதற்குப் போய்க் காசா?"

சொல்லிக்கொண்டே அடுத்த மேசைச் சிங்களப் பாட்டிக்குத் தண்ணீரை மாற்றப் போய்விட்டார்.