அணிலை விரட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

"அணில் தொல்லைக்கு நிரந்தரத் தீர்வு, ஓராண்டு உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்யும் ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனம் எங்கள் வீட்டில் 9,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, கூட்டில் குட்டிகள் இருக்கும்போதே சுவர் ஓட்டையை அடைத்துவிட்டுப் போனது. பிறகு, இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பெயர் தெரியாத நஞ்சை வைக்கப் பார்த்தது. பணம் போனதுகூட ஆறிவிடும். மற்ற இரண்டும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சி. பின்கட்டில் தென்னை, கொய்யா, முருங்கை என்று மரங்கள் இருப்பதால் அணில் புதிதல்ல. கொய்யாவைக் கடித்துப் போடுவதை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் இந்த ஆண்டு அவை வீட்டுக்குள் வந்துவிட்டன. இணைய கேபிளைக் கடித்தன; இன்வெர்ட்டரிலிருந்து போகும் வயரின் மேலுறையை உரித்துச் செம்பு தெரிய விட்டன; ஜன்னலின் நைலான் கொசுவலையில் ஓட்டை போட்டன. கொறிக்கும் பிராணிகளுக்கு முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பின்னால் சுவர் ஓட்டையில் ஒரு கூடும் கட்டிவிட்டன. செம்பு தெரியும் வயரோடு குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்றுதான் அந்த நிறுவனத்தை அழைத்தோம்.

வந்தவர் சட்டையில் நிறுவன முத்திரை, கையில் வண்ணப் படங்கள் போட்ட விலைப்பட்டியல். ஏணி போட்டு ஏறிப் பார்க்கவில்லை. எந்தக் கிளை வழியாக வருகிறது, எந்த ஓட்டையில் நுழைகிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரையில் நின்றபடியே கணக்குப் போட்டார்: ஒலி எழுப்பி விரட்டும் பெட்டிகள் மூன்று, ஒன்று 1,800 ரூபாய், மூலிகை மருந்து தெளிக்க 2,500, ஓட்டை அடைக்க 1,500. கூட்டில் குட்டி இருக்குமோ என்று நான் கேட்டேன். "இந்தச் சீசனில் குட்டி இருக்காது அம்மா, நாங்கள் எத்தனை வீடு பார்த்திருக்கிறோம்" என்றார்.

அது பொய். நம் ஊர் அணிலுக்குக் குட்டி போடும் காலம் என்று ஒரு மாதத்தைச் சொல்லிவிட முடியாது. ஆண்டின் பெரும்பகுதியும் குட்டி போடும். சினைக்காலம் ஏறத்தாழ 34 நாள்தான். ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள். கண் திறக்காமல், முடி இல்லாமல் பிறக்கும் அவை தாய்ப்பால் மறக்கப் பத்து வாரம் வரை ஆகும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரியாது என்றால் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது.

வெளிப்பக்கம் வழியாக ஏதோ ஒரு நுரையைப் பீய்ச்சி ஓட்டையை அடைத்தார்கள். மஞ்சளாகப் பொங்கி, சிறிது நேரத்தில் இறுகிவிட்டது. அவர்கள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார்கள், தாய் அணில் வந்துவிட்டது. வாயில் தேங்காய் நார். அடைத்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கீச்சிட்டது. நாரைக் கீழே போட்டுவிட்டு நுரையைக் கடிக்கத் தொடங்கியது. நான் உடனே தொலைபேசியில் அழைத்தேன். "இரண்டு நாள் கத்தும், பிறகு போய்விடும்" என்று பதில் வந்தது. அக்கம்பக்கத்தில் ஏணி தேடி, என் மகன் மேலே ஏறிக் கத்தியால் நுரையை அறுத்து எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. உள்ளே தேங்காய் நாரும், தரை துடைக்கும் மாப்பின் நூலும், எங்கள் சோபாவிலிருந்து பிடுங்கிய பஞ்சுமாக ஒரு மெத்தை. அதில் மூன்று குட்டிகள். இரண்டு நுரையில் ஒட்டி இறந்திருந்தன. ஒன்று உயிரோடு இருந்தது. கூட்டை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டோம். விடிந்து பார்த்தபோது தாய் அதை வேறெங்கோ தூக்கிக்கொண்டு போயிருந்தது.

அடுத்து அந்தப் பெட்டிகள். சுவர் பிளக்கில் செருகினால் நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி அணிலை ஓட்டிவிடும் என்பது விற்கிறவர்களின் பேச்சு. அந்த வகை ஒலி சுவரையும் மரச்சாமானையும் ஊடுருவிப் போகாது. திறந்த வெளியில் சில அடிகளிலேயே வலுவிழந்துவிடும். எட்டும் தூரத்தில் இருக்கும் பிராணிகளுக்கும் சீக்கிரம் பழகிப்போய்விடும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001-இலேயே இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும், விற்கும் அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சரக்கு இங்கே 1,800 ரூபாய்க்கு விற்கிறது. எங்கள் வீட்டில் பெட்டி செருகியிருந்த ஜன்னலின் விளிம்பிலேயே அணில் உட்கார்ந்து கொய்யா தின்றது.

உத்தரவாதத்தைச் சொல்லி மறுபடி அழைத்தபோது வேறொரு பையன் வந்தான். உத்தரவாதம் மருந்து தெளித்த இடத்துக்கு மட்டும்தான், மொட்டை மாடிக்குத் தனிக் கட்டணம் என்றான். பேசிக்கொண்டே ஒரு பாலிதீன் பையிலிருந்து நீல நிறக் கட்டிகளை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியடியில் வைக்கப் போனான். பையின் மேல் பெயரும் இல்லை, லேபிளும் இல்லை. இது என்ன மருந்து என்று கேட்டேன். "எலிக்கு வைக்கிறதுதான் அக்கா" என்றான். அவனுக்கே தெரியாது. அவனை நான் குறை சொல்லவில்லை. தெரியாத நஞ்சைக் கையில் கொடுத்து அனுப்பியவர்களைத்தான் சொல்கிறேன்.

பெயர் ஏன் முக்கியம் என்றால், குழந்தை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமாடியோலோன் வகை என்றால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. துத்தநாக பாஸ்பைடுக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கும் மாற்று மருந்தே கிடையாது. 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில், பூச்சி ஒழிப்பு நிறுவனம் எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த நினைப்பிலேயே எனக்குக் கை நடுங்கியது. கட்டிகளை எண்ணிப் பையில் திரும்பப் போடவைத்துத்தான் அவனை அனுப்பினேன். நஞ்சு தின்று கிறங்கி விழும் அணிலைப் பூனையும் காக்கையும் தின்னும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இப்படி மருந்து வைக்க ஒரு நிறுவனத்துக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதன் 1971 விதிகளின்படி உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அனுப்புகிறோம் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. பசை அட்டை வைக்கிறோம் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட அணில் தோல் கிழிந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பிராணிகளை வீணாக வதைப்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

கடைசியில் தொல்லை எப்படித் தீர்ந்தது என்றால், எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரர் தீர்த்துவைத்தார். அவர் செய்த முதல் காரியம் ஏணி போட்டு ஏறியது. ஓட்டையில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி லேசாகச் செருகி, அது விலகாமல் இருக்கிறதா என்று சில நாள் பார்க்கச் சொன்னார். உள்ளே போக்குவரத்து இல்லை என்று உறுதியான பிறகு அரை அங்குல இரும்புக் கம்பிவலையைச் சட்டத்தோடு திருகி மாட்டினார். எலக்ட்ரீஷியன் வெளியில் தெரிந்த வயர்களை இரும்புக் குழாய்க்குள் இழுத்துவிட்டார். கூரையைத் தொட்ட கொய்யாக் கிளைகளை ஆறேழு அடி தள்ளி வெட்டினோம். மொத்தச் செலவு மூவாயிரத்தைத் தாண்டவில்லை. அணில்கள் இன்னும் மரத்தில் இருக்கின்றன, வீட்டுக்குள் வருவதில்லை. பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவதும் பயன் தராது, மரமும் வழியும் அப்படியே இருந்தால் வேறு அணில் வந்து சேரும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகுதான் நிறுவனம் பேசவே வந்தது. பெட்டிகளுக்கான 5,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எனக்குக் கொடுத்த ரசீதில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை; பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் கையில் இருக்கும் சான்று. இதேபோல் நீல விளக்குப் பெட்டியும் கையெழுத்து ரசீதும் வாங்கியவர்கள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்களும் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.