ஈயமில்லா மான் தோட்டா: .243-க்கு எது, .308-க்கு எது?

பிரிட்டனில் மான் சுடுபவர்களின் ரைபிளில் ஈயத்துக்கு இனி அதிக நாள் இல்லை. 2025 ஜூலையில் அரசு அறிவித்த முடிவின்படி, 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள குண்டில் 3 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருந்தால் அதை வேட்டைக்குப் பயன்படுத்த முடியாது. மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம். பொதுக் காடுகளைப் பராமரிக்கும் அரசு அமைப்புகளோ இந்தத் தடைக்குக் காத்திருக்காமல் முன்பே ஈயத்தைக் கைவிடத் தொடங்கிவிட்டன.

நம்மூரில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுட்டால் சிறைதான். அங்கே கதை தலைகீழ். ஓநாயும் கரடியும் எப்போதோ ஒழிந்துபோன தீவு அது. மானைத் தின்ன மனிதனைத் தவிர வேறு ஆள் இல்லை. நட்ட கன்றையெல்லாம் அது மேய்ந்துவிடுவதால் ஆண்டுதோறும் சுட்டுக் குறைப்பது வன நிர்வாகத்தின் வழக்கமான வேலை. சுட்ட மானின் இறைச்சி கடைக்கும் போகிறது, வீட்டுச் சமையலுக்கும் போகிறது. ஈயம் பிரச்சினையாவது இங்கேதான். மென்மையான ஈயக் குண்டு உடலுக்குள் போனதும் பொடிப்பொடியாகச் சிதறும். எக்ஸ்ரேயில் பார்த்தால் குண்டு போன தடத்தைவிட்டு வெகுதூரம் தள்ளியும் தூசிபோல ஈயத்துகள் தெரியும். கத்தியால் வெட்டி எடுக்கவும் முடியாது, பல்லில் படவும் செய்யாது.

மாற்று என்றால் பெரும்பாலும் செம்பு. கடையில் இருபது பிராண்டு அடுக்கியிருப்பார்கள். எது நல்ல பிராண்டு என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். என் கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் ரைபிளின் கேலிபர் (அங்குலத்தில் சொல்லும் குழல் விட்டம்) என்ன, குழல் எத்தனை அங்குலம், இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைக்கு எந்தப் பக்கம் சுடப்போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதிப் பெட்டிகள் தானாகவே கழிந்துவிடும். (இந்தக் கட்டுரையில் தோட்டா என்பது முழுசு, குண்டு என்பது அதிலிருந்து பறந்துபோகும் தலை மட்டும்.)

இரண்டு நாட்டுச் சட்டம்

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம். ரைபிளின் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. குண்டு, பட்டதும் விரியும்படி மென்முனையாகவோ குழிமுனையாகவோ இருக்க வேண்டும். எடை பற்றிப் பேச்சே இல்லை. சின்ன மான்களான மன்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டுக்கு மட்டும் சலுகை: .220 அங்குலம், 1,000 அடி-பவுண்டு, குறைந்தது 50 கிரெயின் எடை (கிரெயின் என்பது குண்டின் எடைக்கான சிற்றளவு). மன்ட்ஜாக் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கேளையாட்டின் நெருங்கிய உறவு, நாய் உயரம்தான் இருக்கும்.

ஸ்காட்லாந்து வேறு மாதிரி எண்ணுகிறது. அங்கே விட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. எடை, வேகம், ஆற்றல் மூன்றையும் பார்க்கிறார்கள். ரோ என்ற சிறிய மானுக்கு 50 கிரெயின், நொடிக்கு 2,450 அடி, 1,000 அடி-பவுண்டு. மற்ற மான்களுக்கு வேகம் அதே 2,450, ஆற்றல் 1,750. எடை மட்டும் முன்பு 100 கிரெயினாக இருந்தது. 2023 நவம்பரில் அதை 80 ஆக இறக்கினார்கள். காரணம் செம்புதான். 100 கிரெயின் செம்புக் குண்டை .243 ரைபிளில் போட்டுச் சுடுவது நடைமுறையில் ஆகாத காரியம். சட்டத்தை மாற்றாமல் ஈயத்தை ஒழித்திருந்தால் ஸ்காட்லாந்தில் ஆயிரக்கணக்கான .243 ரைபிள்கள் பெரிய மானான செம்மானுக்கு (ரெட் டீர்) உதவாமல் சுவரில் தொங்கியிருக்கும்.

இந்த இரண்டு சட்டத்தால் வரும் வேடிக்கை ஒன்று உண்டு. .223 ரைபிளால் ரோ மானைச் சுடுவது எல்லைக்கு வடக்கே சட்டப்படி சரி. நாலடி தெற்கே வந்தால் குற்றம்.

கீழே உள்ளவை நீளமான குழலில், முழுச் செம்புக் குண்டுக்குப் பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய வேகங்கள். நானே முழு எண்ணாக்கியிருக்கிறேன். பெட்டிக்குப் பெட்டி நூறு அடி முன்பின் இருக்கும்.

| கேலிபர் | எடை (கிரெயின்) | வேகம் (நொடிக்கு அடி) | ஆற்றல் (அடி-பவுண்டு) | இங்கிலாந்து | ஸ்காட்லாந்து |
|---|---|---|---|---|---|
| .223 | 55 | 3,200 | 1,250 | மன்ட்ஜாக், நீர்மான் மட்டும் | ரோ மட்டும் |
| .243 | 80 | 3,300 | 1,935 | எல்லா மானும் | எல்லா மானும் |
| 6.5 கிரீட்மோர் | 120 | 2,900 | 2,240 | எல்லா மானும் | எல்லா மானும் |
| .308 | 150 | 2,800 | 2,610 | எல்லா மானும் | எல்லா மானும் |

அட்டவணையைப் பார்த்தால் கடைசி மூன்றும் தேர்ச்சி என்றுதான் தோன்றும். ஆனால் அதில் .243 விளிம்பில் நிற்கிறது.

.243: அங்குலத்துக்கு அங்குலம் கணக்கு

செம்பு ஈயத்தைவிட லேசு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால் செம்பு 9 கிராம்கூட வராது. ஆகவே ஒரே விட்டத்தில், ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். நீளக் குண்டு தடுமாறாமல் பறக்க வேண்டுமானால் குழலின் உள்சுவரில் வெட்டிய முறுக்குப் பள்ளம் அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். .243-இல் வழக்கமான முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதற்கு 80 கிரெயின் செம்பு வசதியாகப் பொருந்தும். லபுவாவின் நேச்சுராலிஸ் போல 90 கிரெயினிலும் கிடைக்கிறது, ஆனால் சில ரைபிள்கள் அதை முறைத்துப் பார்க்கும்.

சரி, 80 கிரெயின் என்று வைத்துக்கொள்வோம். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240-ஆல் வகுத்தால் ஆற்றல் வந்துவிடும்; கைபேசிக் கால்குலேட்டரே போதும். திருப்பிப் போட்டால், 80 கிரெயின் குண்டு 1,750 அடி-பவுண்டைத் தொட நொடிக்குச் சுமார் 3,140 அடி வேகம் வேண்டும். இங்கிலாந்தின் 1,700-க்கு 3,095 அளவில் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 3,300 பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. இன்றைக்கு யார் 24 அங்குலக் குழல் வைத்திருக்கிறார்கள்? சைலன்சர் மாட்டினால் ரைபிள் நீண்டுபோகிறது என்று குழலை 20-க்கும் 18-க்கும் வெட்டிக்கொள்கிறார்கள். வெட்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 25 முதல் 30 அடி வேகம் குறையும். 18 அங்குலத்தில் 3,300 என்பது 3,120 முதல் 3,150-க்குள் வந்து நிற்கும். ஸ்காட்லாந்தில் இருந்தால் அந்த ரைபிளோடு செம்மானைத் தேடிப் போவது சட்டத்தோடு சூதாடுவது. குளிர்காலக் காலை வேகத்தை இன்னும் கொஞ்சம் பிடித்திழுக்கும்.

ஆகவே .243 வைத்திருப்பவர் பிராண்டு பார்க்குமுன் குரோனோகிராஃப் என்ற வேகமானி வைத்து அளந்தாக வேண்டும். பெட்டி எண்ணை நம்பிக்கொண்டிருக்க முடியாது. 22 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் கவலை இல்லை. 20 என்றால் அளந்து பாருங்கள், வேகமான பெட்டியாக வாங்குங்கள். 18 என்றால் அந்த ரைபிளை ரோ மானுக்கு ஒதுக்கிவிடலாம், அதுவும் ஸ்காட்லாந்தில். இங்கிலாந்தில் ரோவுக்கும் 1,700 வேண்டும்.

.308-இல் வேறொரு பொறி

.308-க்கு ஆற்றல் பஞ்சமில்லை. 16 அங்குலக் குழலில் சுட்டாலும் 150 கிரெயின் செம்பு 2,600 அடி வேகத்தை ஒட்டி வரும். 1,750-ஐ வெகு தூரம் தாண்டிவிடும். இங்கே கடிப்பது ஸ்காட்லாந்தின் 2,450 என்ற வேக எல்லை. ஈயக் காலத்துப் பழக்கத்தில் கனமாக இருந்தால் நல்லது என்று 180 கிரெயின் வாங்குபவர்கள் உண்டு. நீளக் குழலிலேயே அது 2,600-ஐத் தாண்டச் சிரமப்படும். குட்டைக் குழலில் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், செம்புக்கும் வேகம் வேண்டும். ஈயம் மெதுவாகப் போனாலும் நசுங்கி விரியும். செம்பு அப்படியல்ல, மானைத் தொடும்போது நொடிக்குச் சுமார் 1,800 முதல் 2,000 அடியாவது இருந்தால்தான் இதழ் விரியும். அதற்குக் குறைந்தால் பென்சில் போலத் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் காயத்தோடு ஓடும். அதனால் செம்பில் ஒரு படி லேசான குண்டை எடுப்பதே புத்திசாலித்தனம். ஈயத்தில் 150 சுட்டவர் செம்பில் 130-க்கு வரலாம். 165 சுட்டவர் 150-க்கு. எடை குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். ஈயக் குண்டு பாதி எடையை வழியிலேயே உதிர்த்துவிடும், செம்பு ஏறக்குறைய முழுசாக மறுபக்கம் வெளியேறும்.

6.5 கிரீட்மோர் இந்தச் சண்டையில் சத்தமில்லாமல் ஜெயிக்கிறது. அதன் முறுக்கு வழக்கமாக 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நீளக் குண்டுக்கென்றே பிறந்தது. 120 கிரெயின் செம்பு போட்டால் இரண்டு சட்டமும் நிறைவேறும், தோளில் உதை .308-ஐவிடக் குறைவு. புதிதாக ரைபிள் வாங்குபவர் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

.223 பற்றி ஒன்றே ஒன்று. அதன் குண்டு 5.7 மில்லிமீட்டர்தான் என்பதால் 6.17 என்ற புதிய தடைக் கோட்டுக்குக் கீழே தப்பிவிடுகிறது. .243 துல்லியமாகக் கோட்டின்மேல் நின்று மாட்டிக்கொள்கிறது. ஆனால் இறைச்சி வாங்குபவர் ஈயம் வேண்டாம் என்றால் தப்பி என்ன பயன்? 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள பழைய .223-களில் 55 கிரெயின் செம்பு நேராகப் பறக்காமல் போகலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குண்டுக்குள் என்ன

இப்போதுதான் பிராண்டு. பெட்டிகள் எத்தனை இருந்தாலும் வகை இரண்டுதான்.

முதல் வகை, முழுதும் செம்போ செம்புக் கலவையோ. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், நார்மா ஈகோஸ்ட்ரைக், ஆர்டபிள்யூஎஸ் ஹிட், ஃபாக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். முனையில் ஒரு குழி. பலவற்றில் அதன் வாயில் பிளாஸ்டிக் கூர்முனை செருகியிருக்கும். உடலில் பட்டதும் முனை உள்ளே தள்ளப்பட்டுக் குழி பிளந்து, இதழ் இதழாகப் பின்னால் மடங்கும். மணல்மேட்டிலிருந்து பார்ன்ஸ் குண்டு ஒன்றைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் நான்கு இதழும் தண்டும் ஒட்டியபடியே இருக்கும். ஓரம் பிளேடு போல வெட்டும், வெறுங்கையால் தடவ வேண்டாம். ஈகோஸ்ட்ரைக், ஹிட் இரண்டுக்கும் நிக்கல் பூச்சு உண்டு, குழலில் செம்பு அப்புவது குறையும்.

இரண்டாம் வகை, உறைக்குள் வெள்ளீயம் (டின்). ஆர்டபிள்யூஎஸ் எவல்யூஷன் கிரீன் இதற்கு நல்ல உதாரணம். முன்பாதி சிதறும், பின்பாதி ஒரே துண்டாக ஊடுருவி வெளியேறும். ஈயக் குண்டின் குணம் வேண்டும், மான் நின்ற இடத்திலேயே விழ வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. வெள்ளீயம் ஈயம்போல் நஞ்சல்ல, உண்மைதான். ஆனாலும் இறைச்சிக்குள் உலோகத்துகள் சிதறக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடு? சொந்த அடுப்புக்கும் கடைக்கும் போகிற மானுக்கு முதல் வகையே மேல்.

இங்கே கோட்டைவிடக் கூடிய இடம் ஒன்று இருக்கிறது. செம்பு என்று எழுதியிருப்பதாலேயே மானுக்கு ஆகும் என்றில்லை. இலக்குப் பயிற்சிக்காகக் கடைந்தெடுத்த, விரியாத திண்மக் குண்டுகளும் அதே அலமாரியில் இருக்கும். இங்கிலாந்துச் சட்டம் குழிமுனை அல்லது மென்முனை கேட்கிறது. ஸ்காட்லாந்து, எதிர்பார்த்தபடி உருமாறி விரிய வடிவமைத்த குண்டு கேட்கிறது. திண்மக் குண்டு இரண்டிலும் தோற்கும்.

செம்பால் சுட்ட மான் அதிக தூரம் ஓடும் என்று பழைய கைகள் சொல்வதைக் கேட்கலாம். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் நடந்த கள ஆய்வுகளில் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. டென்மார்க் 2024 ஏப்ரலிலிருந்து ரைபிளிலும் ஈயத்தைத் தடை செய்துவிட்டது. ஆனால் குறி வைக்கும் இடத்தைச் சற்று முன்னால் நகர்த்தித் தோள் எலும்பை ஒட்டி வைத்தால் செம்பு நன்றாக வேலை செய்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே பின்னால் தள்ளிப் போட்டால், விரிய எதிர்ப்பு போதாமல் மான் கொஞ்சம் ஓடத்தான் செய்யும். குண்டு முழு எடையோடு மறுபக்கம் வருவதால் மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்ப்பது முன்னைவிட அவசியம்.

விலை ஈயத்தைவிடக் கூடத்தான். மானுக்கு ஒரு தோட்டா போகும் தொழிலில் அது பெரிய செலவில்லை. பயிற்சிக்குச் சுடும்போதுதான் பர்ஸ் வலிக்கும். மாறுவதற்கு முன் குழலைச் செம்புக் கரைப்பான் போட்டுச் சுத்தமாக்குங்கள். ஈயக் குண்டின் உறை விட்டுச்சென்ற படிவுமேல் புதுக் குண்டைச் சுட்டுவிட்டு, குண்டுகள் ஒரே இடத்தில் விழவில்லை என்று பெட்டியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டு மூன்று பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, வேகத்தை அளந்து, நூறு மீட்டரில் எதன் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றனவோ அதையே ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மொத்தமாக வாங்கி வைப்பது வழக்கம்.

குண்டை மாற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேலிபரை மாற்றினால் மட்டும் காவல்துறை தந்த ஆயுத உரிமத்தில் திருத்தம் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் திருத்தத்துக்குக் கட்டணமில்லை, ஆனால் நாளாகும். 18 அங்குல .243-ஐ விற்றுவிட்டு 6.5-க்குப் போக நினைப்பவர் அவகாசத்தின் கடைசி ஆண்டுவரை காத்திருந்தால் எல்லாரும் நிற்கும் வரிசையில் நிற்க வேண்டிவரும்.