சென்னை – மதுரை விமானம்: எட்டு வருடக் கணக்கு

வேலை சென்னையில், அம்மா மதுரையில். எட்டு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது விமானத்தில் போய் வருகிறேன். ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் போனில் குறித்து வைப்பேன். வீட்டில் இதற்குத் தனிக் கிண்டல் உண்டு.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். சாலையில் போனால் 460 சொச்சம். வானத்தில் போயும் மிச்சம் அவ்வளவுதானா? ஜன்னலோரம் உட்கார்ந்தால் காரணம் புரியும். நேர்கோடே விழுப்புரம், திருச்சி தலைக்கு மேல்தான் போகிறது, கீழே ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் போகிற மாதிரி. மேகமில்லாத காலையில் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் சீட் பெல்ட்டைச் சரிபார்க்க வேண்டியதுதான், இறங்கப் போகிறோம்.

நான் போனவை இரண்டு வகை. காற்றாடி வைத்த ஏடிஆர் 72 மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஏர்பஸ் 320 எண்ணூறைத் தாண்டும். ஆனால் என் குறிப்பில் ஏடிஆருக்கு ஒன்றரை மணி நேரம், ஏர்பஸ்ஸுக்கு ஒன்றேகால். பெரிய விமானம் ஏறி முடிக்கிறதற்குள் இறங்குகிற தூரம் வந்துவிடுகிறது, வேகத்தைக் காட்ட இடமே இல்லை. தவிர, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்தி.

எனக்கு ஏடிஆர்தான் பிடிக்கும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை தெரியும். காற்றாடிக்கு நேரே உட்கார்ந்தால் மட்டும் இரைச்சல் காதைப் பிடுங்கும்; பின்வரிசை கேளுங்கள், கதவும் பின்னால்தான். டிராலிப் பெட்டி மேல்தட்டில் நுழையாது, ஏணியடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சரி, வாசலிலிருந்து வாசல் வரை? அண்ணா நகரில் காலை ஐந்துக்குக் கிளம்பினால், அம்மா வீட்டில் தோசை சாப்பிடும்போது பத்து மணி ஆகிவிடும். வந்தே பாரத் எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. மதியத்துக்குள் அங்கே இருந்தே ஆகவேண்டும் என்றால்தான் இப்போதெல்லாம் விமானம்.

ஒரு ஐப்பசி மாலை மதுரை மேல் இடி மழை. முக்கால் மணி நேரம் வட்டமடித்துவிட்டு, கொண்டுபோய் மறுபடி சென்னையிலேயே இறக்கினார்கள். விமான நிறுவனத்தார் ஆளுக்கொரு சாண்ட்விச் கொடுத்தார்கள், அடுத்த விமானம் எப்போது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ராத்திரி ரயில் எதிலும் இடமில்லை. கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்து, விடிந்த பிறகு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். வாசலிலிருந்து வாசல் 15 மணி 40 நிமிடம். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.